1000 மணி நேரம் என்றால் எத்தனை வருஷம்?

"சால்ட் ஸ்ப்ரே 1000 மணி நேரம், பாஸ்." பெயின்ட் ரிப்போர்ட்டில் இந்த வரியைப் பார்த்ததும் உங்க மனசுல என்ன ஓடும்? 'அப்போ பத்து வருஷம் தாங்கும்'னுதானே? லைப்ரரியில் இருக்கும் பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்களைப் புரட்டிப் பாருங்க, 100 மணி நேரம் சமம் ஒரு வருஷம் என்று கூசாமல் எழுதியிருப்பார்கள். எங்கிருந்து வந்த சூத்திரம் என்று கேட்டால், முந்தின பேட்ச் ரிப்போர்ட்டில் இருந்தது என்பார்கள்! அப்படி ஒரு சூத்திரமே கிடையாது. இனி யாரும் அதை எழுதக் கூடாது என்பது என் கட்சி.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்குதுன்னு பாருங்க. ஏ.எஸ்.டி.எம். பி117 முறைப்படி 5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரியில், பனிமூட்டம் போல நிற்காமல் பெய்துகொண்டே இருக்கும். 1000 மணி நேரம் என்பது 42 நாள்கூட இல்லை. வெயில் கிடையாது. காயவே காயாது. மெரினா பக்கத்தில் நிற்கும் ஒரு இரும்பு கேட் அப்படியா வாழுது? ராத்திரி உப்பு ஈரம், மத்தியானம் மண்டையைப் பிளக்கும் வெயில், திரும்ப கடல்காற்று. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடப்பதுதான் அதன் வாழ்க்கை.

இதனால் தீர்ப்பே தலைகீழாகலாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வெளியே நனைந்து காயும்போது, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு தனக்கே ஒரு கார்பனேட் போர்வை போர்த்திக்கொள்ளும். பெட்டிக்குள் அதற்கு வாய்ப்பே தருவதில்லை. பாவம், ஃபெயில் ஆகிவிடும். எபாக்ஸி நேர் எதிர். உப்பில் ஜம்முனு நிற்கும், வெயிலில் விட்டால் வெளுத்துப் பொடியும். விரலால் தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி ஒட்டும். அதன் அரோமேட்டிக் வளையங்கள் புற ஊதா ஒளியை உறிஞ்சுவதுதான் காரணம். அதனால்தான் எபாக்ஸிக்கு மேலே பாலியூரித்தேன் போடுகிறார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூசியிருக்கிறார்கள்.

சரி, புற ஊதா விளக்கு வைத்த பெட்டியில் சோதித்தால் போச்சுன்னு சொல்வீங்க. எந்த விளக்கு? யு.வி.ஏ.-340 சூரியனின் குறைந்த அலைநீளப் பகுதியை ஓரளவு அப்படியே காட்டும். யு.வி.பி.-313 தருவதில் ஒரு பகுதி, தரைக்கு வந்தே சேராத, 295 நானோமீட்டருக்குக் கீழான ஒளி. ரிசல்ட் சீக்கிரம் வரும்தான். ஆனா அது சிலபஸில் இல்லாத கேள்விக்கு மார்க் போடுவது மாதிரி. எந்த பெயின்ட் ஒசத்தி என்ற வரிசையே மாறிவிடலாம். ரிப்போர்ட்டில் விளக்கின் பெயர் இல்லையென்றால் நம்பாதீங்க.

இருப்பதில் நியாயமானது சுழற்சி முறைதான். கடலுக்குள் நிற்கும் கட்டமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 12944-9ல் 72 மணி நேரம் புற ஊதாவும் ஈரமும், 72 மணி நேரம் உப்பு, 24 மணி நேரம் மைனஸ் 20 டிகிரி. இப்படி 25 வாரம். (மைனஸ் 20! ராமேஸ்வரத்துக்கு எதுக்குங்க அது?) அதே 12944 வரிசையே, தான் சொல்லும் ஆயுள் அளவு உத்தரவாதக் காலம் அல்ல என்கிறது.

லேப் டெஸ்ட் வேஸ்ட்டுன்னு நான் சொல்லவில்லை. ஒரே பெட்டியில், ஒரே நாளில், வெளியே எப்படி நடந்துகொண்டது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பெயின்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்க, அருமையான கருவி. வருஷக் கணக்கு மட்டும் கேட்காதீங்க. நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடும் 'பத்து வருஷம்' என்ற வரியை நம்பித்தான் ஒரு தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியைப் பரிசோதிக்காமல் விடுவார்கள். அதில் ஏறப்போவது நீங்க இல்லை.

வருஷக் கணக்கு வேணும்னா வருஷக்கணக்கில் காத்திருக்கணும். காரைக்குடி செக்ரி நிறுவனம் மண்டபத்தில் கடலோரமாகவே அரிப்பு ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. நம்ம மெக்கானிக்கல் பிளாக் மொட்டைமாடியிலும் ஒரு ரேக் போடலாமே? தெற்கே பார்த்த சாய்வில் பத்து தகடு, ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல், மாசம் ஒரு போட்டோ. நாலாம் வருஷம் முடித்துப் போகிறவர்கள் நோட்டை முதல் வருஷத்துக்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு விஷயம்: தகடுகளின் எண்ணை பெயின்டால் எழுதாதீங்க, பின்பக்கம் குத்தி வையுங்க.