பொம்பரிப்புத் தாழிகள் யாருடையவை?

வில்பத்துக் காட்டைக் காணப் போகிறவர்கள் சிறுத்தையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார்கள். அதைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்புகிறார்கள். அதே காட்டில், புத்தளம் கரையோரத்துப் பொம்பரிப்பில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மக்கள் தாழிகளில் உறங்குகின்றனர் என்பதை நம் மாணவரில் எத்தனை பேர் அறிவர்?

1920களில் ஹோகார்ட் அங்கே அகழ்ந்தார், 1950களில் பி. ஈ. பி. தெரணியகல, 1970 இல் விமலா பெக்ளியின் குழு. ஒரே தாழிக்குள் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள். உடன் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள். மன்னன் எடுப்பித்த தாகபம் இல்லை, கோபுரம் இல்லை. கல்வெட்டில் பெயர் பெறாத மனிதருக்குக் குயவன் வனைந்த பானையே சாசனம்.

இத்தாழிகளைக் கண்டதும், "ஆதிச்சநல்லூர்! ஆகவே இம்மண் எமது" என்று நம்மவரிற் சிலர் கொக்கரிக்கின்றனர். அவ்வொற்றுமையைச் சொல்வதே குற்றம் என்று முகஞ்சுளிப்போர் மறுபுறம். ஒற்றுமை உண்மை, கடல் இரு கரைகளையும் பிரித்ததைவிடச் சேர்த்ததே அதிகம். ஆனால் இறந்தோரின் எலும்பைக் காணியுறுதியாக்கும் வழக்கை நாம் ஏற்கமாட்டோம். (நல்லவேளை, சாட்சி சொல்ல அவர்கள் எழுந்து வரப்போவதில்லை.)

வில்பத்து 1938 இல் தேசியப் பூங்காவாயிற்று. காடு வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. மண்ணுக்குள் இருக்கும் பழம்பொருளோ, 1940 ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள் திணைக்களத்தின் பொறுப்பு. விலங்குக்கு ஓர் அதிகாரி, எலும்புக்கு இன்னோர் அதிகாரி; மக்களுக்கு எவருமில்லை! போர்க்காலத்தில், 1988 முதல் 2003 வரை, பூங்கா மூடியே கிடந்தது. காடு புதைகுழிகளை ஓரளவு காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. வேலியைப் பிடுங்கவும் சொல்லவில்லை. ஆனால் புதையல் தோண்டுகிறவன் நுழைவுச்சீட்டு வாங்குவதில்லை; மாணவன்தான் வாங்கவேண்டியிருக்கிறது. பூட்டு எவரைத் தடுக்கிறது?

ஆதிச்சநல்லூரில் 2023 இல் அகழ்ந்த குழியின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காணச் செய்தார்கள். காட்டுக்குள் கண்ணாடி மாளிகை வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகை ஒன்று. இரு திணைக்களங்களும் கூடியிருந்து ஒப்பமிட்ட பராமரிப்புத் திட்டம் ஒன்று. அக்கரையை நன்கறிந்த பூக்குளத்து மீனவரிலிருந்து, ஊதியம் பெறும் காவலரும் வழிகாட்டிகளும். பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஆண்டில் சில நாள்கள். இவற்றுக்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவுக்கு விண்ணப்பம் எழுதும்போது சிறுத்தையோடு பொம்பரிப்பையும் கேளுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.