மேசைக்கடியில் ஒரு தகடு

பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் இயந்திரம் பழுதென்றால், மெக்கானிக் முதலில் ஊசியைப் பார்ப்பார். பிறகு ஹூக்கை, நூலின் இறுக்கத்தை. மேசைக்கடியில் தொங்கும் முழங்கால் தகட்டைக் குனிந்து பார்ப்பவர் அரிது. அது கெட்டாலும் தையல் நிற்பதில்லை அல்லவா!

இரு கைகளும் துணியைப் பிடித்திருக்க, வலது முழங்கால் அத்தகட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் பிரஷர் ஃபுட் உயரும். ஜூகி டிடிஎல்-8700 இயந்திரத்தில் கைநெம்புகோல் அதனை 5.5 மி.மீ. தூக்கும். முழங்காலோ 10 மி.மீ. தூக்கும், திருகைச் சரிசெய்தால் 13 வரை. (பத்தைத் தாண்டினால், கீழிறங்கும் ஊசித்தண்டு ஃபுட்டில் இடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.)

தகட்டின் திருகு தளர்ந்தால் அது வழுக்கும். கால் வீணாகக் கூடுதல் தொலைவு தள்ளும். மெத்தை தேய்ந்தால் இரும்பு எலும்பில் படும். வெட்டுத்துணியை அதன்மேல் சுற்றிக் கட்டிக்கொண்டு தைக்கும் பெண்ணைக் கண்டு, ‘அவர் வழக்கம்’ என்று மேற்பார்வையாளர் கடந்துபோகிறார். வழக்கமன்று அது, பதிவேட்டில் ஏறாத பழுது.

திருகை இறுக்கி, மெத்தையை மாற்றி, தகட்டை முழங்காலுக்கு நேராக நிறுத்தச் சில நிமிடங்கள் போதும். ஆனால் யாருடைய முழங்கால்? காலையில் குள்ளமானவர் அமர்ந்த இயந்திரத்தில் பிற்பகலில் நெட்டையானவர் அமர்த்தப்படுகிறார். மணிக்கணக்கு இலக்கு துரத்தும்போது மெக்கானிக்கை எதிர்பார்த்திருக்க அவருக்கு நேரமேது? திருகுக்குரிய சாவி மெக்கானிக்கின் பையில் மட்டும் இருத்தல் தகாது. வரிசைக்கொன்றாகத் தொங்கவிடுவதோடு, அதனைக் கையாளும் உரிமையைத் தைப்பவருக்கே அளிக்க வேண்டும்.