மூலம் என்று மூடி மறைக்க வேண்டாம்!

தோழர்களே! மலத்தில் இரத்தம் கண்டால் நாம் என்ன சொல்கிறோம்? "உடம்புச் சூடு, மூலம்" என்கிறோம். மோரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறோம். வெட்கம் ஒரு பக்கம்; ஒருநாள் கூலி போய்விடுமே என்ற பயம் மறுபக்கம். பல சமயம் அது மூலம்தான். ஆனால் பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும்.

இது ஒரே நாளில் வருவதல்ல. குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதைக்கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு வரை ஆகும். அதற்குள் குழாய்க் கருவியால் பார்த்தால், அப்போதே அகற்றிவிடலாம்.

மத்திய அரசின் பரிசோதனைத் திட்டமோ 30 வயதைக் கடந்தோரிடம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளையே தேடுகிறது. குடல் அதில் இல்லை! கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் காட்டும் மலச் சோதனையைப் பிரிட்டனில் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். இங்கே 50 வயதைத் தாண்டிய உழைப்பாளிக்கு அதை இலவசமாகச் செய்யக் கூடாதா? இதை நம் கோரிக்கைகளில் சேர்ப்போம்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். எந்த வயதானாலும், இரத்தம் கண்டாலோ, மலப்போக்கு வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, காரணமின்றி உடல் இளைத்தாலோ டாக்டரிடம் கூசாமல் சொல்வோம். மொழி தெரியாதவருக்குச் சங்கத் தோழர் துணைக்கு வருவார்.