இஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமா?



கேமரன் மலைக்குச் சுற்றுலா போய்விட்டு வரும் நம் வகுப்புத் தோழர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஸ்ட்ராபெரியைப் பற்றியதும் அல்ல, தேயிலையைப் பற்றியதும் அல்ல. "என்னப்பா, உங்க ஊர்ல எங்கே பார்த்தாலும் அந்தப் பழைய தகரப் பெட்டி ஓடுதே, அதெல்லாம் இன்னுமா சாகல?" என்பதுதான். அவர்கள் சொல்வது லேண்ட் ரோவரை. முதலில் ஒரு திருத்தம்: அது தகரம் இல்லை, அலுமினியம்!

அந்த வண்டியின் பின்புறத்தில் காய்கறிக் கூடைகளோடு உட்கார்ந்து வளர்ந்தவன் நான். என் மாமாவிடம் இருப்பது 1974-ஆம் ஆண்டின் சீரீஸ் 3. அதை வைத்துக்கொண்டு நான் பார்த்தது, பட்டது, பிறகு இங்கே படித்தது மூன்றையும் சேர்த்து ஒரு கருத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. "ஒரு நட்டைக்கூட மாற்றாதே, ஒரிஜினலாகவே வை" என்பது ஒன்று. "ஓடினால் போதும், கிடைத்ததை மாட்டு" என்பது மற்றொன்று. என் கருத்து இரண்டிலும் சேராது. மாற்றுவது பாவமில்லை, கணக்குப் போடாமல் மாற்றுவதுதான் பாவம்.

இந்த வண்டி பிறந்த கதையே அவசரத் தேவையின் கதைதான். ரோவர் கம்பெனியின் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸுக்கு வேல்ஸில் உள்ள ஆங்கில்சி தீவில் நிலம் இருந்தது. அங்கே போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டினார். அதைப் போல நாமே ஒன்று செய்தால் என்ன என்று கிளம்பியதுதான் லேண்ட் ரோவர். 1947-இல் செய்த முதல் மாதிரிக்கு ஜீப்பின் சேசிஸையே எடுத்துக்கொண்டார்கள். 1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வண்டி அறிமுகமானது. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பாடிக்கு அலுமினியக் கலவை. விலையுயர்ந்த அச்சுகளுக்குக் காசு இல்லாததால் தட்டையான தகடுகளைப் பற்றவைத்த பெட்டி சேசிஸ். பாடியின் பெரும்பகுதி போல்ட் போட்டு மாட்டியது.

அன்றைய அந்த வறுமைதான் இன்று நமக்கு வசதி! கம்ப்யூட்டர் வேண்டாம், சென்சார் வேண்டாம். ஸ்பேனர் செட்டும் பொறுமையும் இருந்தால் மலையடிவாரப் பட்டறையிலேயே பாதி வண்டியைப் பிரித்து மாட்டிவிடலாம். 1948-இல் தொடங்கிய சீரீஸ் வண்டிகள் 1985 வரை வந்தன. பின்னர் டிஃபெண்டர் என்ற பெயர் பெற்ற அவற்றின் வாரிசும் 2016 ஜனவரியில் சோலிஹல் தொழிற்சாலையில் நின்றுபோனது. எங்கள் மலையில் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டு. மாமா வண்டியின் 2.25 லிட்டர் பெட்ரோல் இஞ்சின் எண்ணெயையும் குடித்தது, காசையும் குடித்தது. மாமா ஜப்பான் ஹாஃப்-கட் விற்கும் இடத்தில் ஒரு டர்போ டீசல் இஞ்சினை வாங்கி வந்தார். ஃபோமன் அடாப்டர் பிளேட் செய்து, மவுண்டிங்கை வெட்டிப் பற்றவைத்து ஒரு வாரத்தில் ஏற்றிவிட்டார். முதல் நாளே மாமாவுக்கு மீசையில் சிரிப்பு. "மருமவனே, பவரு பாத்தியாடா? இனிமே சிவப்புக் குமிழையே தொட வேணாம்!"

சிவப்புக் குமிழ் என்றால் லோ ரேஞ்ச். அதைப் போட்டால் நான்கு சக்கரமும் தானாகச் சேர்ந்து இழுக்கும். முன்பெல்லாம் முட்டைக்கோஸ் பாரத்தோடு ஏற்றம் ஏற அதைப் போட்டே ஆக வேண்டும். புது இஞ்சின் வந்தபின் ஹை ரேஞ்சில், பின்சக்கர இழுப்பிலேயே ஏறினார்.

மூன்றாம் மாதம், கொல்லையிலிருந்து சாலைக்கு ஏறும் செங்குத்தான பாதையில் 'டக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. மாமா கால் பிரேக்கை மிதித்து நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். பாரத்தைக் குறைக்கலாம் என்று நான் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வண்டி என்மேல் உருள ஆரம்பித்தது. பக்கத்துப் பாத்தியில் குதித்தேன். வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. நான் நின்ற இடத்தில் சக்கரத் தடம். அன்று இரவு மாமா சாப்பிடவில்லை. "கைப்பிரேக்கு போட்டேன்டா... நல்லாத்தானே போட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமா பொய் சொல்லவில்லை. கைப்பிரேக் நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் இந்த வண்டியில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் புறப்படும் இடத்தில் உள்ள ஒரு டிரம்மைத்தான் பிடிக்கிறது. பின் ஆக்சிலில் ஒரு ஹாஃப் ஷாஃப்ட் முறிந்துவிட்டால், ஷாஃப்ட்டை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் டிஃபரன்ஷியல் வழியாக மற்றச் சக்கரம் சும்மா சுற்றும். கைப்பிரேக் இருந்தும் இல்லாதது போல்தான். இதை நான் புரிந்துகொண்டது இங்கே இரண்டாம் செமஸ்டரில், டிஃபரன்ஷியல் பாடம் நடந்த அன்று. வகுப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது.

ஷாஃப்ட் ஏன் முறிந்தது? கணக்கைப் போடுங்கள். பழைய இஞ்சினின் டார்க் சுமார் 160 நியூட்டன் மீட்டர். புதியது 225. ஹை ரேஞ்ச் முதல் கியரில் இஞ்சினிலிருந்து சக்கரம் வரை மொத்தப் பெருக்கம் ஏறத்தாழ 20 மடங்கு. இரண்டு ஹாஃப் ஷாஃப்ட் பகிர்ந்தால், உராய்வு இழப்பை விட்டுவிட்டால், முன்பு ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 1600, இப்போது 2250. நாற்பது சதவீதம் கூடுதல்! முறுக்கு அழுத்தம் விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதம் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே, அதன்படி விட்டம் 12 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும். கூடியதா? ஷாஃப்ட் 1974-இல் இருந்தபடியேதான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஏற்றம் கேட்கும் இழுவிசை ஒன்றேதான். நான்கு சக்கரம் பகிர்ந்தால் ஆளுக்குக் கால்வாசி. இரண்டே சக்கரம் சுமந்தால் ஆளுக்குப் பாதி. பழைய இஞ்சினின் பலவீனம் மாமாவை லோ ரேஞ்ச் போட வைத்தது. அந்தப் பலவீனமே ஷாஃப்ட்டுக்குக் காவலாக இருந்தது. இஞ்சினை மாற்றியபோது காவலையும் எடுத்துவிட்டோம்.

தடித்த ஷாஃப்ட் போட்டால் தீர்ந்ததா என்று கேட்பீர்கள். அடுத்து டிஃபரன்ஷியல் பற்கள் வரிசையில் நிற்கும். அதன்பின் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம். வேகம் கூடிய வண்டியைப் பழைய டிரம்தான் நிறுத்த வேண்டும். கனமான டீசல் இஞ்சின் முன் பட்டை ஸ்பிரிங்கை அமுக்கும். சங்கிலியில் ஒரு கண்ணியை இறுக்கினால் அடுத்த கண்ணி அறும்.

பிரிட்டனில் பெரிதும் மாற்றப்பட்ட வண்டிகளுக்கு நீண்ட காலம் பின்பற்றிய ஒரு புள்ளி முறை எனக்குப் பிடித்தது. பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளி வேண்டும். சேசிஸுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்சில், டிரான்ஸ்மிஷன், ஸ்டியரிங் தலா 2. இஞ்சினுக்கு? வெறும் 1! நாம் தலையில் தூக்கி வைத்து ஆடும் இஞ்சினுக்குக் கடைசி இடம். வண்டியின் உயிர் அதன் எலும்பில் இருக்கிறது.

அந்த எலும்பைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பாடி அலுமினியம், சேசிஸ் எஃகு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். பெட்டி சேசிஸோ உள்ளிருந்து துருப்பிடிக்கும். எங்கள் மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? மேலே பளபளவென்று பெயிண்ட், கீழே பின் குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் உள்ளே போகும். வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறக்கும் முன் வண்டிக்கு அடியில் படுங்கள்.

மாமாவையோ ஃபோமனையோ நான் குறை சொல்லவில்லை. முறிந்த துண்டை உருவிவிட்டு, மஞ்சள் குமிழை அழுத்தி முன்சக்கர இழுப்பில் வண்டியை வீடு கொண்டு வந்து சேர்த்தவர்கள் அவர்கள்தான். நம்மில் எத்தனை பேருக்கு அது வரும்? அவர்களுக்குக் கை தெரியும். நமக்குச் சூத்திரம் தெரியும். கை சூத்திரத்தைக் கேட்பதில்லை, சூத்திரம் கையை மதிப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஏட்டைக் கொல்லைக்கு எடுத்துப் போகாதது நம் தவறு.

அதனால் நண்பர்களே, இறுதியாண்டு புரோஜெக்டுக்குத் தலைப்பு இல்லை என்று அலையாதீர்கள். உங்கள் ஊர்ப் பட்டறையில் இஞ்சின் மாற்றிய வண்டி ஒன்றைத் தேடுங்கள். கிளட்ச் முதல் சக்கரம் வரை ஒவ்வொரு பாகமும் எவ்வளவு தாங்கும் என்று ஒரே ஒரு தாளில் கணக்கு எழுதி உரிமையாளர் கையில் கொடுங்கள். ஜேபிஜே அனுமதி வாங்காமல் ஓட்டுகிறாரா, அதையும் சொல்லுங்கள். அதட்டிச் சொல்ல வேண்டாம், அண்ணன் தம்பியாகச் சொல்லுங்கள்.

மாமா இப்போது வலுவான ஷாஃப்ட் போட்டிருக்கிறார், பிரேக்கைப் புதுப்பித்திருக்கிறார். பாரம் இருந்தால் சிவப்புக் குமிழ் கட்டாயம். சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு மரக்கட்டை கிடக்கும். மேட்டில் நிறுத்தினால் முதலில் கட்டையைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார், பிறகுதான் என்னை இறங்கச் சொல்வார்.