மூன்றில் ஒரு பங்கை மறந்த சமுதாயம்



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம்முடைய திருமண மண்டபங்களில் இரவு பத்தரை மணிக்குப் பந்தி நடக்கும்போது ஒருமுறை கவனித்துப் பாருங்கள். இரண்டாவது முறையாகத் தட்டை நிரப்பிக்கொள்ளும் பெரியவர் ஒருவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். உள்ளே நெஞ்செரிச்சல் மாத்திரை இருக்கும். “மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்தேன், இன்னும் கொஞ்சம் வையுங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சுற்றியிருப்போரும் சிரிப்பார்கள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். நோய்க்கு மருந்து உண்பது சுன்னத். அளவுமீறி உண்பதற்கு அனுமதிச் சீட்டாக மருந்தைப் பயன்படுத்துவது மார்க்கமும் அன்று, மருத்துவமும் அன்று.

நெஞ்செரிச்சல் எப்படி வருகிறது? உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையத்தை அல்லாஹ் அமைத்திருக்கிறான். உணவு இறங்கும்போது திறந்து, பின்பு மூடிக்கொள்ளும் கதவு அது. இரைப்பை அளவுக்கு மேல் விம்மினால் அக்கதவு நெகிழ்கிறது. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும். தொந்தி வயிற்றைக் கீழிருந்து அழுத்துகிறது. இந்நிலையில் படுத்துவிட்டால் அமிலம் மேலேறுவதற்குத் தடையே இல்லை.

அமிலத்தின் வலிமையைத் தோல் தொழில் செய்யும் ஊராருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. குரோம் பதனிடுவதற்கு முன் தோலை உப்பும் கந்தக அமிலமும் கலந்த நீரில் போட்டு ‘பிக்லிங்’ செய்கிறோம். அந்நீரின் பிஎச் அளவு ஏறத்தாழ 3. இந்த எண் குறையக் குறைய அமிலத்தின் கடுமை கூடும். வெறும் வயிற்றிலுள்ள அமிலத்தின் அளவோ பெரும்பாலும் 1 முதல் 2 வரை. டேனரி டிரம்மில் இருப்பதைவிடக் கடுமையான ஒன்றை நாம் உடலுக்குள் சுமக்கிறோம். இரைப்பைக்குப் பாதுகாப்பாகச் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய கவசம் இல்லை. ஆண்டுக்கணக்கில் அமிலம் பட்டால் அங்கே புண் உண்டாகலாம், குழாய் சுருங்கலாம், உட்சவ்வின் தன்மையே மாறலாம்; சிலருக்கு அது புற்றுநோய் வரை செல்லவும் கூடும்.

“அப்படியானால் பிரியாணியே கூடாதா?” என்று கேட்பார்கள். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. அதில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. முடிவில் மழையைக் காரணம் காட்டி விழா ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் குரல் நியாயமானது. ஒரு மக்களின் உணவை இழிவாகக் கருத எவருக்கும் உரிமை இல்லை. ஆயினும் தட்டின் உரிமைக்காக எழுந்த சமுதாயம், அந்தத் தட்டின் அளவைப் பற்றி என்றாவது பேசியதுண்டா? சீரகச் சம்பாவின் மீதும் காய்ந்த மிளகாய் விழுதின் மீதும் எனக்கு எந்த வழக்கும் இல்லை. எவ்வளவு உண்கிறோம், எப்போது உண்கிறோம், உண்டபின் என்ன செய்கிறோம் என்பவையே வழக்கு.

ஆதமுடைய மகன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது வேறில்லை என்றும், முதுகை நிமிர்த்தச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேலும் வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு நீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் இருக்கட்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள் (திர்மிதி). உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தரும் கட்டளை. ஜும்ஆ மேடைகளில் இவற்றை எத்தனை முறை கேட்டிருப்போம்! பந்தியில் அமர்ந்ததும் மூன்றில் மூன்று பங்கும் உணவுக்கே போய்விடுகிறது.

நேரத்திற்கும் வழிகாட்டல் உண்டு. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நபியவர்கள் வெறுத்தார்கள் (புகாரி). மக்ரிபை ஒட்டி உண்டு, இஷாவைத் தொழுது, பின்னர் உறங்கும் வீட்டில் உணவுக்கும் உறக்கத்திற்கும் இடைவெளி தானாகவே அமைந்துவிடும். படுப்பதற்கு மூன்று மணி நேரத்திற்கு முன்பே உண்டு முடியுங்கள் என்றுதான் இன்றைய மருத்துவரும் சொல்கிறார். நாமோ இஷாவுக்குப் பின் கடைத்தெருவில் நின்று பேசி, பதினொரு மணிக்குப் பரோட்டா உண்டு, பதினொன்றரைக்குப் படுக்கிறோம்.

ரமளானில் இந்த முரண் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். “நோன்பு வைத்தால் எனக்கு அசிடிட்டி வருகிறது” என்று நோன்பின் மீது பழி போடுகிறார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறப்பது சுன்னத். அதன்பின் நோன்புக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலோரின் வயிறு தாங்கும். அதன்மேல் சமோசா, வடை, பொரித்த கோழி, குளிர்பானம் என்று அடுக்கிவிட்டுத் தராவீஹில் ருகூவுக்குக் குனிந்தால், புளித்த நீர் தொண்டை வரை எதுக்களிக்காமல் என்ன செய்யும்? ஸஹரில் வயிறு நிறைய உண்டு, ஃபஜ்ரு தொழுத கையோடு படுப்பதும் அதே தவறுதான். குற்றவாளி நோன்பு அன்று. நோன்பு கற்றுத்தந்த கட்டுப்பாட்டை மக்ரிப் பாங்கோடு கைவிட்ட நாமே குற்றவாளிகள்.

அடுத்து, மாத்திரை. பான்டோப்ரசோல், ஒமேப்ரசோல் போன்றவை நல்ல மருந்துகள். உணவுக்கு அரைமணி நேரம் முன்பு, மருத்துவர் குறித்த சில வாரங்களுக்கு உண்டால் புண் ஆறும். சிலருக்கு நீண்டகாலம் தேவைப்படும். அதை மருத்துவர் முடிவு செய்வார். கடையில் அட்டை அட்டையாக வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது வேறு. நெடுநாள் உண்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடவும் வேண்டாம். அமிலம் முன்னிலும் அதிகமாகச் சுரக்கக்கூடும். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். மூட்டுவலிக்கு உண்ணும் வலிநிவாரணிகளும் வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் அவற்றையும் அவரிடம் சொல்லுங்கள். சோடா உப்பு கலந்த பொடிகளில் சோடியம் மிகுதி. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அவை ஆகாது.

கருஞ்சீரகத்தின் சிறப்பைப் பற்றிய ஹதீஸ் உண்மையானது. நம் ஈமானும் அதில் உண்டு. ஆனால் அந்த ஹதீஸை விளம்பரமாக்கி, “ஒரு வாரத்தில் நெஞ்செரிச்சல் மறையும்” என்று வாட்ஸ்அப்பில் எண்ணெய் விற்பவர்களை நம்பாதீர்கள். கருஞ்சீரகத்தைச் சொன்ன அதே நபிதான் மூன்றில் ஒரு பங்கையும் சொன்னார்கள். விற்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, விற்க முடியாததை விட்டுவிடுவது என்ன நீதி?

எல்லாவற்றிலும் கொடியது ‘கேஸ்’ என்ற ஒரே சொல். நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இவை வந்தால் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம், 108ஐ அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இவ்வறிகுறிகள் மங்கலாகவே தெரியலாம். விழுங்கும்போது அடைப்பு, காரணமின்றி எடை குறைதல், இரத்த வாந்தி, கரிய மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நம் முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உழைப்போர், காலையில் வெறும் தேநீரோடு வந்து, பகலில் அவசரமாக விழுங்கி, நாளின் முழுப் பசியையும் இரவில் தீர்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடம் “நேரத்துக்குச் சாப்பிடுங்கள்” என்பது உபதேசம். உண்பதற்குப் போதிய இடைவேளை தருவது அமானிதம். அது உங்கள் கையில் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. பசி முழுவதும் அடங்குமுன் கையை எடுங்கள். எடை மிகுந்தவர்கள் சிறிது குறைத்தாலும் பலன் தெரியும். புகையிலையை விடுங்கள். தலையணைகளை அடுக்காமல், கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் அரையடி உயரத்திற்குச் செங்கல் வையுங்கள். வலப்பக்கம் படுப்பது சுன்னத். ஆனால் அமிலம் மேலேறும் நோயாளிக்கு இடப்பக்கம் இதமளிக்கும். மருத்துவர் அவ்வாறு சொன்னால் தயங்க வேண்டாம். நோயாளிக்குச் சலுகை தந்த மார்க்கம் இது.

ஊர் ஜமாஅத்துகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வலீமா விருந்தைப் பகலில் வைக்கட்டும். இரவென்றால் இஷாவோடு பந்தி முடியட்டும். விருந்தினரை வற்புறுத்தி இரண்டாம் முறை பரிமாறுவதை மரியாதை என்று எண்ணும் பழக்கத்தை முத்தவல்லிகளும் ஆலிம்களும் தம் வீட்டுத் திருமணங்களிலிருந்தே நிறுத்திக் காட்டட்டும். வரதட்சணையை எதிர்த்துப் பேசும் மேடையில் இதையும் பேசலாம். வீண்விரயம் இரண்டிலும் ஒன்றுதான்.

நாளை மறுமையில் நம் உடலைப் பற்றியும் கேட்கப்படுவோம். உண்பதில் நடுநிலையையும், நோய்க்கு முந்திய ஆரோக்கியத்தின் மதிப்பை உணரும் அறிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.