பதினாறு வயதுக்குப் பின் எங்கே?

இலவசக் கல்வி இந்நாட்டில் 1945 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் கல்வி பெறல் வேண்டும் என்பது 2016 ஆம் ஆண்டு முதல் விதியாக உள்ளது. ஒவ்வொரு பிள்ளையும் என்னும்போது கண் தெரியாத பிள்ளையும், காது கேளாத பிள்ளையும், ஏனையோரிலும் பார்க்க மெதுவாகக் கற்கும் பிள்ளையும் அதில் அடங்குவர் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால், பதினாறு வயது நிறைந்த மறுநாள் அப்பிள்ளை எங்கே போவது? இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு அரசாங்கத்துக்கு மட்டுமன்று, நம் சமுதாயத்துக்கும் உண்டு.

பள்ளிக் கதவைத் திறக்கும் பணி நம்மிடையே நெடுங்காலத்துக்கு முன்னரே தொடங்கியது. 1912 ஆம் ஆண்டில் மேரி சப்மன் அம்மையார் கொழும்புக்குத் தெற்கே செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமாக ஒரு பாடசாலையை நிறுவினார். தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956 இல் கைதடியில் நபீல்ட் பாடசாலை எழுந்தது. கோண்டாவில் சிவபூமி பாடசாலை அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை அரவணைத்து நிற்கிறது. பொதுப் பாடசாலைகள் பலவற்றில் விசேட கல்வி அலகுகள் இயங்குகின்றன. இவற்றில் உழைக்கும் ஆசிரியர்களின் பொறுமைக்குத் தமிழ் மக்கள் என்றென்றும் கடமைப்பட்டவர்கள்.

எனினும், திறந்த கதவு ஒன்று போதாது. உட்புகுந்த பிள்ளை மறுபுறத்தால் வெளியேறிச் செல்ல ஒரு பாதையும் வேண்டும். அப்பாதை இன்று பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் முடிந்துவிடுகிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுள் ஏறத்தாழ 16 இலட்சம் பேர், அதாவது 8.7 சதவீதத்தினர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற் கொள்ளல் முதலியவற்றில் ஏதேனும் ஓர் இடர்ப்பாடு உடையோர். இவர்களுள் பதினைந்து வயதைத் தாண்டியவர்களில் பத்துப் பேருக்கு ஏழு பேரளவில் எத்தொழில் முயற்சியிலும் ஈடுபடாதவர்கள். முதியோர் பலர் இக்கணக்கில் அடங்குவர் என்பது உண்மையே. ஆயினும் உழைக்க வல்ல இளைஞர் எத்தனை பேர் வீட்டோடு இருத்தப்பட்டுள்ளனர் என்பதை ஒவ்வொரு கிராமத்தவரும் தத்தம் ஊரை எண்ணிப் பார்த்தால் அறிந்துகொள்வர். 2009 இல் முடிந்த போர் நம் பகுதிகளில் இத்தொகையைப் பெருக்கிவிட்டுச் சென்றது என்பதும் யாவரும் அறிந்ததே.

சட்டம் இல்லாமல் இக்குறை நேரவில்லை. 1988 ஆம் ஆண்டுப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்று வலது குறைந்தோருக்கு வழங்கப்பட வேண்டும் எனக் கூறிற்று. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலது குறைவைக் காரணங்காட்டி வேலையிலோ கல்வி நிலைய அனுமதியிலோ பாகுபாடு காட்டுதல் ஆகாது என விதித்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. ஆனால் ஒதுக்கப்பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி வேண்டும்; தகுதிக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சியின் வாசலிலேயே பிள்ளை நிறுத்தப்படும்போது மூன்று வீதமும் முப்பது வீதமும் ஒன்றுதான்.

இங்கேதான் பாடசாலையின் கடமை வருகிறது. விசேட தேவையுடைய பிள்ளைக்குப் பாய் பின்னலும் மெழுகுவர்த்தி வார்ப்பும் கற்பித்தால் போதும் என்ற எண்ணத்தை நாம் ஏற்கவில்லை. எழுத்தையும் எண்ணையும் அப்பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டுக் கைவேலையை மட்டும் கொடுப்பது கல்வியாகாது. அவ்வாறே, வேலைத்தலத்தை ஒருநாளும் காணாத பிள்ளைக்கு வகுப்பறையில் மட்டும் பாடம் ஊட்டுவதும் பயன் தராது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைய வேண்டும். நிறுவையைத் தராசில் கற்ற பிள்ளை அதே கிழமையில் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுக்கட்டும். மணிக்கூடு பார்க்கக் கற்ற பிள்ளை பஸ் நேரம் அறிந்து தானே வேலைக்குப் போய் வரட்டும். அங்கே நேர்ந்த தடுமாற்றம் மறுநாள் வகுப்பில் பாடமாகட்டும்.

இது வெறுங் கனவு என்று எண்ணுவோர் பிற நாட்டு அனுபவத்தை நோக்குக. ஐக்கிய அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்துச் சிறுவர் மருத்துவமனையில் 1996 இல் ஒரு திட்டம் தொடங்கியது. அவசர சிகிச்சைப் பிரிவில் மருந்துப் பொருள்களை அடுக்கி நிரப்பும் வேலைக்கு ஆட்கள் நிலைப்பதில்லை என்று கண்ட தாதியர் தலைவி எரின் ரீலி, அவ்வேலைக்கு இத்தகைய இளைஞரைப் பழக்க முன்வந்தார். பாடசாலையின் இறுதியாண்டு மாணவர் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு வகுப்பறையிற் கற்று, அதன் வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறி வேலை பழகினர். அத்திட்டம் பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. அந்நாட்டுச் சட்டமோ, மாணவர் பதினாறு வயதை அடையும்போதே பாடசாலைக்குப் பின்னுள்ள வாழ்வுக்கான திட்டம் அவரவர்க்கென எழுதப்பட வேண்டும் என்கிறது. செல்வம் மிகுந்த நாடு அது என்று சிலர் கூறலாம். பொருள்களை ஒழுங்காக அடுக்கப் பழக்குவதற்குப் பெருஞ் செல்வம் எதற்கு?

நம் நாட்டிலும் வாய்ப்பு இல்லாமலில்லை. 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய பதின்மூன்று ஆண்டுக் கல்வித் திட்டம், சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியெய்தாதவரும் தொழிற் பாடங்களைக் கற்றுத் தேசிய தொழிற் தகைமை பெற வழிவகுத்தது. இவ்வழி விசேட தேவையுடைய பிள்ளைக்கும் உரியது என்பதைக் கல்வித் திணைக்களம் வாயளவிலன்றிச் செயலளவிற் காட்டல் வேண்டும். பாடநூல்களும் பயிற்றுநரும் தமிழில் கிடைத்தல் வேண்டும். சைகை மொழி அறிந்தவர் பயிற்சி நிலையத்தில் இருத்தல் வேண்டும். சாய்தளம் இல்லாத மாடிக் கட்டடத்தில் நடக்கும் பயிற்சி சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு எவ்வாறு பயன்படும்?

நாம் வேண்டுவன பெரியவையல்ல. பதினான்கு வயதில் பிள்ளையும் பெற்றோரும் ஆசிரியரும் கூடியிருந்து, இப்பிள்ளைக்கு எது வரும், எது பிடிக்கும் என எழுதி வைக்கட்டும். பதினாறு வயது வரை வேலைத்தலங்களைப் பார்த்தறிதல் மட்டும் போதும். 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்குக் குறைந்த வயதினரை வேலைக்கமர்த்தல் குற்றமாகும். அதன்பின் கிழமையில் ஒரு நாளோ இரு நாளோ வேலை பழகட்டும். ஆசிரியர் அங்கு சென்று பார்த்துவர நேரமும் பயணச் செலவும் அரசாங்கம் கொடுக்கட்டும். பழகிய வேலை இன்னதென்று பாடசாலையும் வேலைகொள்வோரும் ஒப்பமிட்ட பத்திரம் ஒன்று பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பயிற்சி என்ற பெயரால் ஆண்டுக்கணக்கில் கூலியின்றி வேலை வாங்குவோர் தோன்றக்கூடும். இரக்கம் காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அரைக்கூலி கொடுப்போரும் தோன்றுவர். ஆதலின் பயிற்சிக் காலத்துக்கு எல்லை இருத்தல் வேண்டும். பயிற்சி முடிந்து வேலையில் வைத்திருப்பவர் ஏனையோருக்குரிய சம்பளத்தையே கொடுத்தல் வேண்டும். நாம் கேட்பது தருமமன்று, உழைப்புக்கு ஊதியம்.

கமக்காரப் பெருமக்களே! வெங்காயம் தரம் பிரிப்பதும், நாற்றுமேடைக்கு நீர் விடுவதும், கோழிப் பண்ணையில் முட்டை எண்ணி அடுக்குவதும் பொறுமையும் ஒழுங்கும் வேண்டும் வேலைகள். பல பிள்ளைகளிடம் அவை நிறைய உண்டு. அண்டை வீட்டுப் பிள்ளைக்கு உங்கள் தோட்டத்தில் ஒரு நாள் இடங்கொடுங்கள். ஆனால் கிருமிநாசினித் தெளிப்பின் அருகே அப்பிள்ளையை விடாதீர்கள். வைத்தியர்களே, சட்டத்தரணிகளே, கணக்காளர்களே! உங்கள் மருந்தகத்திலும் கந்தோரிலும் அடுக்க வேண்டிய கோவைகளும் எடுத்துச் செல்ல வேண்டிய கடிதங்களும் எத்தனை! கூட்டுறவுச் சங்கங்கள் முன்வந்து சங்கத்துக்கு ஒரு மாணவரை ஏற்றாலே நம் பகுதியில் பெரியதொரு மாற்றம் ஏற்படும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கவலை உங்களை உறங்கவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். பிள்ளையை மறைத்து வைப்பதால் அக்கவலை தீராது. தன் கையால் உழைத்த முதற் சம்பளத்தை அப்பிள்ளை கொண்டுவந்து தரும் நாளிலேயே அது குறையத் தொடங்கும். அந்நாளை விரைந்து வரச் செய்வது நம் எல்லோரதும் கடன்.