இருதயம் பிழைத்தது, ரணம் ஆறவில்லை!

1975-ம் ஆண்டு. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன், அடைபட்ட இருதய ரத்தக் குழாய்க்கு மாற்றுக் குழாய் வைத்துத் தைத்தார். இந்தியாவில் வெற்றி கண்ட முதல் 'பைபாஸ்' ஆபரேஷன் என்று பெயர் பெற்றது அதுதான். கேட்டவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

அவர் 2025-ல் காலமானார். அவர் செய்த ஆபரேஷனோ இன்று அதிசயமே அல்ல. பெரம்பூருக்கு மேற்கே சில மைல் தூரத்தில், முகப்பேரில், இருதய சிகிச்சைக்குப் பெயர் பெற்ற மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளியும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவரும், பூந்தமல்லிக் கடைக்காரரும் பைபாஸ் செய்துகொள்ளும் காலம் இது. ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது.

வீடு திரும்பியதோடு கண்டம் தீர்ந்ததா? அதுதான் இல்லை.

கம்பி போட்ட எலும்பு

இருதயத்தை எட்ட வேண்டுமானால், நடு மார்பெலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் அறுத்துத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் எலும்பைச் சேர்த்து எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள். அது நன்றாக ஒட்ட இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். அதற்குள், தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் கிருமிகள் உள்ளே புகுந்துவிட்டால் ஆபத்து. நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை ரணம் ஆழத்தில் சீழ் பிடிக்கிறது என்பது உலகக் கணக்கு. எண்ணிக்கை சிறிது, ஆபத்தோ பெரிது. எலும்புக்கு அடுத்தாற்போல் இருப்பது இருதயம் அல்லவா?

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பைபாஸுக்கு மிகச் சிறந்த மாற்றுக் குழாய், மார்பின் உட்சுவரில் ஓடும் ரத்தக் குழாய். மார்பெலும்புக்கு ரத்தம் கொடுப்பதும் அதே குழாய்தான்! அதை எடுத்து இருதயத்துக்குக் கொடுத்தால் எலும்புக்கு ரத்தம் குறைகிறது. இரு புறத்துக் குழாய்களையும் எடுத்தால் இன்னும் குறைகிறது. சர்க்கரை வியாதி, உடற்பருமன், புகைப் பழக்கம் ஆகியவையும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிக்கு மேல் என்கிறது 2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வு.

சொந்தச் சதையே மருந்து

முன்பெல்லாம் சீழ் பிடித்த ரணத்தைத் திறந்து போட்டு, துணி திணித்து ஆறவிடுவார்கள். பலர் மாண்டனர். 1963-ல், மருந்து நீர் பாய்ச்சிக் கழுவும் முறை வந்தது. 1980-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகர டாக்டர் ஜர்கிவிச்சும் சகாக்களும் வேறு வழி காட்டினர். அழுகிய எலும்பை அகற்றி, மார்புத் தசையை ரத்த ஓட்டம் அறுபடாமல் திருப்பிக் கொணர்ந்து பள்ளத்தை நிரப்பினார்கள். வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை மேலே கொணர்ந்து வைப்பதும் உண்டு. ரத்தம் வந்தால் மருந்தும் வரும். கிருமியை எதிர்க்கும் அணுக்களும் வரும். சூட்சுமம் அவ்வளவே.

இந்தச் சூட்சுமம் நமக்குப் புதிதா? நெற்றித் தோலைத் திருப்பி, அறுபட்ட மூக்கைப் புனைந்து கொடுத்த புனா வைத்தியத்தை 1794-லேயே லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு வெளியிட்டது!

இப்போது பல இடங்களில், கசிவை உறிஞ்சும் பஞ்சுக் கருவியைச் சில நாள் பொருத்தி, ரணம் சுத்தமான பிறகு தசையை வைத்து மூடுகிறார்கள்.

யார் பொறுப்பு?

ஆக, வழி இல்லாமல் இல்லை. தாமதம்தான் எமன். ஆபரேஷனான சில வாரங்களுக்குள், நோயாளி வீட்டிலிருக்கும்போதே சீழ் தலைகாட்டுவது உண்டு. ஜுரம், சிவப்பு, கசிவு, இருமும்போது எலும்பு அசைவது - இவை அபாய அறிவிப்புகள். "தையல் போட்ட இடம் கசியத்தானே செய்யும்?" என்று மருந்துக் கடைக் களிம்போடு ஒரு வாரத்தைக் கடத்தினால் கிருமிக்குக் கொண்டாட்டம். மகனுக்கு ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தயங்கும் தகப்பனாரைக் குறை சொல்லி என்ன பயன்?

பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புகையை நிறுத்த வேண்டும். கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் கிருமிநாசினி ஊசி போட வேண்டும். அபாய அறிகுறிகளையும் கூப்பிட வேண்டிய டெலிபோன் எண்ணையும் தமிழில் அச்சிட்டு, வீடு திரும்புவோர் கையில் கொடுக்க வேண்டும். புறநகர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். சீழ் கண்டால், 'பிளாஸ்டிக் சர்ஜரி' நிபுணரை முதல் நாளே அழைக்க வேண்டும்; கடைசி நாளில் அல்ல.

காப்பீடு ஆபரேஷனுக்குப் பணம் தரும். ரணத்தைக் கவனிக்கும் கண்ணை யாரும் தர முடியாது. எலும்பு ஒட்டும் வரை, தினம் ஒரு முறை சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கண்ணாடியில் மார்பைப் பார்த்துக்கொள்ள ஒரு காசும் செலவில்லை!